இடப்பக்கம் கண்ணாடி இல்லாத வண்டி

இந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் என் மகள் ரேவதி. ஒரு வரியை எழுதி முடித்ததும், அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போய், அங்கிருந்து அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். டேப் இல்லாமல் எழுதினால் முதல் வரி பக்கத்தின் நடுவில் தொடங்கும். அடுத்தது இன்னும் தள்ளித் தொடங்கும். பத்தாவது வரி வலது மூலையில் இரண்டே எழுத்தாக ஒடுங்கிவிடும். அப்படி எழுதிய பக்கங்களும் வீட்டில் இருக்கின்றன. எழுதியபோது அவை எனக்கு முழுப் பக்கங்களாகத்தான் தெரிந்தன.

என் பெயர் எத்திராஜ். வயது நாற்பத்தொன்பது. திருவேற்காட்டில் குடியிருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன். எழுத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த ஷாலினி மேடம்தான் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எதை எழுதுவது என்று கேட்டேன்.

"உங்களுக்கு நடந்ததையே எழுதுங்க சார். இந்த ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்க யாராவது படிப்பாங்க."

அந்தப் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வருகிறவர்களுக்குக் கை விழுந்தது தெரியும், பேச்சு போனது தெரியும். எனக்குப் போனது என்னவென்று எனக்கே தெரியாது. என்னை எதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். இப்போது எழுதுவதில் பாதி நான் பார்த்தது, மீதி என் மனைவி கஸ்தூரி சொன்னது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் கம்பெனி வேன் ஓட்டினேன். வண்டி கான்டிராக்டர் மாரிமுத்து அண்ணனுடையது. திருவேற்காடு, அயனம்பாக்கம் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனி வாசலில் காலை எட்டு மணிக்கு இறக்க வேண்டும். மாலையில் திரும்ப ஏற்ற வேண்டும். கஸ்தூரியும் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள், செக்கிங் பிரிவில். தைத்து வரும் சட்டையில் கறை இருக்கிறதா, பட்டன் விட்டுப்போயிருக்கிறதா, எங்காவது தையல் தாண்டிப் போயிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை.

வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோக்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். அது நடந்து பல வருஷம் ஆகிறது. நான் வேறு மாட்டவில்லை. முன்சீட்டில் எனக்கு இடப்பக்கம் கஸ்தூரி உட்காருவாள். ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டுக் கதவுத் தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. ஆள் ஏறியாயிற்றா, பைக்காரன் நுழைகிறானா, சந்தில் வண்டி வளையுமா, எல்லாம் அவள் கையில்தான். நான் இடப்பக்கம் திரும்பியே பார்க்க மாட்டேன். வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எஃப்.சி. சோதனைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் மெக்கானிக்கிடம் ஒரு கண்ணாடி இரவல் வாங்கி மாட்டி, சாயங்காலமே கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

"யோவ், ஒரு கண்ணாடி வாங்கி மாட்டேன்யா" என்பாள் அவள்.

"நீ கீறப்போ கண்ணாடி எதுக்கு?" என்பேன். அதைக் கேட்டு அவளுக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான். எங்கள் முட்டாள்தனம் அவ்வளவு வருஷம் ஒழுங்காக ஓடியது.

நோய் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இடது கையில் இருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. உடைந்த சத்தம் கேட்டது, யாரோ கிளாசை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கஸ்தூரி ஓடிவந்து என் முகத்தைப் பிடித்தாள். "வாய் ஒரு பக்கமா போவுது, ஐயோ, ஆட்டோவ கூப்புடுங்கடி" என்று கத்தினாள். எனக்கு ஒன்றும் இல்லை, வண்டிக்கு நேரமாகிறது என்று சொன்னேனாம். சொன்னது யாருக்கும் புரியவில்லையாம்.

பூந்தமல்லி ரோட்டில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பாதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. மூளையில் வலது பாதி நம் இடது பக்கத்தை ஆள்கிறது, இடது பாதி வலது பக்கத்தை. இது எனக்கு அதுவரை தெரியாது. சீக்கிரம் வந்ததால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது என்றார் டாக்டர். ஐ.சி.யு.வில் மூன்று நாள் இருந்தேன். அங்கே குளிர் அதிகம், எப்போதும் ஏதோ ஒரு மெஷின் கத்திக்கொண்டிருக்கும், பகல் எது இரவு எது என்று தெரியாது. கஸ்தூரிக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிஷம்தான் அனுமதி. மற்ற நேரமெல்லாம் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். வேனில் வரும் பெண்கள் வேலை முடிந்து முறை வைத்துக்கொண்டு வந்து அவளுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சோற்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். இடது கையில் விரல் அசைந்தது. ஒரு வாரத்தில் கால் ஊன்றி எழுந்தேன், பேச்சும் தெளிந்தது. டாக்டர் வந்து பார்த்து, "நல்லா தேறிட்டீங்க" என்றார். எல்லோருக்கும் போன உயிர் வந்தது. நான் வீட்டுக்குப் போகலாம் என்று குதித்தேன்.

அந்த வார்டு நாட்களில் எனக்கு இரண்டு விஷயம் எரிச்சலாக இருந்தது. ஒன்று சாப்பாடு. தட்டில் சோறும் சாம்பாரும் வரும், பொரியல் வராது. "ஆஸ்பத்திரியில பொரியல் போடறதுக்குக் கூடவா பஞ்சம்?" என்று தினமும் சத்தம் போட்டேன். ஒரு நாள் ரேவதி தட்டைத் திருப்பி வைத்தாள். பொரியல் இருந்தது, கூட்டு இருந்தது, ஒரு அப்பளமும் இருந்தது. வெளியில் வாங்கி வந்து போட்டாள் என்று நினைத்து, பிள்ளை என்றால் இதுதான் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டாவது, யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "தம்பி, தம்பி" என்று ஒரு வயதானவர் குரல். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் அங்கே இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். மூளையில் அடைப்பு வந்ததால் காதில் ஏதோ கேட்கிறது போல என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மதியம் கஸ்தூரி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான் தேறிட்டேனே, இன்னாத்துக்கு அழுவுறே?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. அந்தக் குரல் அதோடு நின்றுபோனது.

இன்னும் சில இருந்தன. ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். முகத்தில் பாதிக்குச் சவரம் செய்துவிட்டு முடிந்தது என்று பிளேடைக் கழுவினேன். கஸ்தூரி எதையும் என்னிடம் சொல்லவில்லை. மீதியை அவளே சிரைத்துவிட்டாள். இடப்பக்கம் நின்று பேசினால் நான் பதில் சொல்வதில்லை என்று இரண்டே நாளில் கண்டுபிடித்து, ஸ்டூலை வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். தண்ணீர் பாட்டில், மாத்திரை, போன் எல்லாம் வலப்பக்கம் வந்தன. சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தார்கள், இரண்டு பேரும். எனக்குக் குறை இருப்பது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது அவர்களுடைய அன்புதான். டாக்டருக்கும் அதனால் தெரியவில்லை. அவர் வலப்பக்கம் நின்று கேட்டார், நான் டாண் டாண் என்று பதில் சொன்னேன்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் காலை அந்த டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். டிரைவர் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, ஒருவரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அப்படித்தான் ஷாலினி மேடத்தின் அறைக்குப் போனேன். நோய்க்குப் பிறகு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கிக் கொடுப்பவர் அவர். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பார்கள். என் மகளைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும்.

மேசையில் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அதில் நீளமாக ஒரு கோடு இருந்தது. "இதுக்கு நடுவுல ஒரு புள்ளி வைங்க சார்" என்றார். வைத்தேன். அடுத்த தாளில் சின்னதும் பெரியதுமாக நட்சத்திரங்கள் இறைந்து கிடந்தன. சின்ன நட்சத்திரங்களை மட்டும் அடிக்கச் சொன்னார். அடித்து முடித்து, "வேற?" என்றேன். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கொடுக்கிற வேலையை எனக்குக் கொடுக்கிறாரே என்று கடுப்பாக இருந்தது.

"உங்க வண்டியப் பின்னாடியிருந்து பாத்தா எப்படி இருக்கும்? வரைஞ்சு காட்டுங்க."

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பின்கண்ணாடியில் 'கருமாரி துணை' என்று நானே ஆள் வைத்து எழுதிய வண்டி அது. நிதானமாக வரைந்து கொடுத்தேன்.

"முழுசா வரைஞ்சிட்டீங்களா?"

"முழுசாத்தான் மேடம்."

"இடது பக்கக் கண்ணாடி எங்க?"

"அது வண்டியிலயே இல்ல மேடம், ஒடஞ்சு பல வருஷம் ஆவுது" என்று சிரித்தேன். கஸ்தூரி சிரிக்கவில்லை.

"இடது பக்க லைட்டு? இடது பக்கச் சக்கரம்?"

நான் தாளைப் பார்த்தேன். எல்லாம் இருந்த மாதிரிதான் இருந்தது. அவர் நட்சத்திரத் தாளை எடுத்து என் முன்னால் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அதில் ஒரு நட்சத்திரம்கூட அடிபடவில்லை. நான் அடித்தவை ஒன்றையும் காணோம்.

"தாள மாத்திட்டீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "இல்லாட்டி இப்ப புதுசா போட்டுகினு வந்து காட்றீங்க. என்னப் பைத்தியக்காரன்னு நெனச்சிக்கினீங்களா?"

அவர் கோபப்படவில்லை. தாளை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனார். நான் அடித்தவை ஒவ்வொன்றாக வலப்பக்கத்திலிருந்து முளைத்தன, அடிக்காதவை ஒவ்வொன்றாக மறைந்தன. என் கண் முன்னாலேயே மறைந்தன. பக்கவாதம் வந்த அன்றுகூட நான் பயப்படவில்லை. அன்றுதான் பயந்தேன். வண்டிப் படத்தையும் அதே மாதிரி திருப்பினார். பாதி வண்டிதான் இருந்தது. ஒரு சக்கரம், ஒரு லைட்டு. பின்கண்ணாடியில் 'துணை' மட்டும் எழுதியிருந்தது.

பிறகு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, எந்தப் பக்கத்து விரல் ஆடுகிறது என்று கேட்டார். வலது விரல் ஆடியது, சொன்னேன். இடது விரல் மட்டும் ஆடியது, சற்றுத் தாமதித்து அதையும் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஆடியபோது வலது மட்டும்தான் என்று சத்தியம் செய்தேன்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல சார். கண்ணு இடது பக்கத்தப் பாக்குது. மூளை அத எடுத்துக்கறதில்ல. இதுக்கு நெக்லெக்ட்னு பேரு. ஒரு பக்கத்த அப்படியே விட்டுடறது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஏதாவது நடந்தா வலது ஜெயிச்சிடும். இதுல கஷ்டம் என்னன்னா, விட்டுப்போச்சுங்கறதே உங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு கேட்டார்: "வார்டுல உங்க கட்டிலுக்கு இடது பக்கம் யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. செவுரு" என்றேன்.

கஸ்தூரி அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். சுவர் இல்லை. அங்கே ஒரு கட்டில் இருந்தது. அதில் சங்கரலிங்கம் என்று ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். ஆவடிப் பக்கத்தில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். "தம்பி, ஒரு சுளை எடுத்துக்கிடுங்க" என்று ஆரஞ்சை உரித்து என் பக்கம் நீட்டிக்கொண்டே இருப்பாராம். நான் வாங்கவே இல்லையாம். "அந்தத் தம்பிக்கு நம்ம மேல ஏதோ வருத்தம் போல" என்று தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கஸ்தூரி அழுத அன்று மதியம்தான் அவர் இறந்தார். திரையை இழுத்தது, அவர் மனைவி தரையில் விழுந்து புரண்டது, ஆட்கள் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் என்னிடமிருந்து இரண்டு முழம் தூரத்தில் நடந்திருக்கிறது. நான் அன்று ரசம் சோறு சாப்பிட்டேன். அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். மாரிமுத்து அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷர். எழுந்து நடந்து காட்டினேன், கையைத் தூக்கிக் காட்டினேன்.

"டாக்டர் லெட்டர் எட்தாந்து குடு எத்திராஜு, வண்டி உன்னுதுதான். ரெண்டு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது, கம்பெனிக்காரன் கேள்வி கேக்கறான்" என்றார்.

அந்த லெட்டர்தான் என் உயிர் என்று ஆகிவிட்டது. வண்டி ஓட்டாத எத்திராஜ் யார் என்று எனக்குத் தெரியாது. சமைக்கத் தெரியாது, கடைக்குப் போனால் சில்லறை வாங்கத் தெரியாது, தெரிந்த ஒரே வேலை ஸ்டீரிங் பிடிப்பது. ஷாலினி மேடம் சொன்ன பயிற்சியெல்லாம் விடாமல் செய்தேன். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் படிக்க வேண்டும். உணவுத் தட்டை ஒரு முறை கையால் சுற்றித் தடவ வேண்டும். கஸ்தூரி மறுபடி இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். மேடம்தான் அப்படி உட்காரச் சொன்னார். நான் மறந்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். நான் திரும்புவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். நாங்கள் குறைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

இரண்டு மாதம் முடிந்ததும் மறு சோதனைக்குப் போனோம். கோட்டின் நடுவில் சரியாகப் புள்ளி வைத்தேன். நட்சத்திரங்களை இடமிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் அடித்தேன். கடிகாரம் வரையச் சொன்னார், பன்னிரண்டு எண்களும் அதனதன் இடத்தில் நின்றன. நானே தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு மேடத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. எனக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஸ்தூரிம்மா, கொஞ்ச நேரம் வெளிய உக்காருறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே மேடம்."

"சொல்லல. தட்டுனீங்க."

கஸ்தூரி தன் கையைப் பார்த்தாள். மேசையின் இரும்புக் காலில் விரல் மோதிரம் பட்டபடி இருந்தது. வண்டிக் கதவில் தட்டுகிற அதே கை. நான் ஒவ்வொரு முறை இடப்பக்கத்தை விட்டபோதும் அது லேசாக ஒரு தட்டு தட்டியிருக்கிறது. அவள் தெரிந்து தட்டவில்லை, நான் தெரிந்து கேட்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் எங்கள் இரண்டு பேரையும் கேட்காமல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது.

"அம்மா சத்தியமா எனக்கே தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

வேறு நட்சத்திரத் தாள் வந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். சிவப்புக் கோட்டை மனதில் நினைத்துக்கொண்டு முடிந்தவரை தலையைத் திருப்பி அடித்தேன். முடித்தேன். மேடம் தாளைத் திருப்பினார். முன்பு பாதி போயிருந்தது. இப்போது கால்வாசி போயிருந்தது.

"இது நல்ல முன்னேற்றம் சார்" என்றார். "ஆனா ரோட்டுல அந்தக் கால்வாசியில ஒரு ஆள் நிப்பாங்க."

கஸ்தூரி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். வெளியே நின்று கேட்டிருக்கிறாள். "வண்டியிலயும் நான் பக்கத்துலதான் மேடம் கீறேன். இத்தினி வருசமா நான்தான் தட்றேன். நான் தட்றேன், அது ஓட்டட்டும். லெட்டர் குடுங்க மேடம்" என்று கும்பிட்டாள்.

"நீங்க பாத்து, தட்டி, அவர் கேட்டு, பிரேக் போடறதுக்குள்ள குறுக்க வந்தவங்க என்ன ஆவாங்க? வண்டியில இருக்கிற பொண்ணுங்க என்ன ஆவாங்க? என்னால முடியாதும்மா" என்றார் மேடம். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் லெட்டர் கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நாலு பேர் கேட்க நான் கஸ்தூரியைத் திட்டினேன். "உன்னாலதான்டி போச்சி. கைய வெச்சிகினு சும்மா கீந்தா இன்னா?" என்றேன். அவள் தட்டியதால்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? யார் மேலாவது காட்ட வேண்டும், அவள்தான் கிடைத்தாள். அன்று நான் நடந்துகொண்டதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆத்திரம் அடங்கவில்லை. தாளில் நட்சத்திரம் அடிப்பதும் வண்டி ஓட்டுவதும் ஒன்றா, எனக்கு ஸ்டீரிங்கைக் கொடுத்துப் பாருங்கள் என்று இரண்டு நாள் வீட்டில் குதித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கஸ்தூரி, "கௌம்பு. ஓட்டிக் காட்டு" என்றாள். ரேவதி வேண்டாம் என்று கெஞ்சினாள், அவள் கேட்கவில்லை. மாரிமுத்து அண்ணன் அந்த இரண்டு மாதமும் போட்டிருந்த மாற்று டிரைவர் தட்சிணாவைக் கூப்பிட்டு, வண்டியை அயப்பாக்கத்தைத் தாண்டி பிளாட் போட்டு விற்காமல் கிடந்த மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஆள் நடமாட்டம் இல்லை. தட்சிணா சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான்.

ஏறி உட்கார்ந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கஸ்தூரி தன் இடத்தில் ஏறினாள். இரண்டு தட்டு. வண்டி நகர்ந்தது. கிளட்ச், கியர் எல்லாம் காலும் கையும் மறக்கவில்லை. அவள் தட்டத் தட்ட, கல் நட்ட இடங்களையெல்லாம் விட்டு அழகாக ஒரு சுற்று சுற்றினேன்.

"பாத்தியா? இத வந்து அந்த மேடம் பாக்கணும்" என்றேன்.

"நிறுத்து. பின்னால ஏதோ சத்தம் வருது, எறங்கிப் பாக்கறேன்" என்றாள். கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. சிறிது நேரம் போனது. கதவில் இரண்டு தட்டு கேட்டது. ஏறிவிட்டாள். ஒரு முறை எதிரே பார்த்தேன். மைதானம் காலியாக இருந்தது. முதல் கியர் போட்டேன். வண்டி நகர்ந்தது.

டொம் என்று ஒரு தட்டு. பானெட்டில்.

ஒரு தட்டு என்றால் நில். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எதிரே யாரும் இல்லை. "கஸ்தூரி! எங்கடி போனே?" என்று கத்தினேன்.

"தலையத் திருப்புய்யா" என்று அவள் குரல் கேட்டது. "இன்னும் திருப்பு. இன்னும்."

திருப்பிக்கொண்டே போனேன். முதலில் பானெட்டின் மேல் ஒரு கை தெரிந்தது. பிறகு அவள் தெரிந்தாள். வண்டியின் இடது முன்மூலையில், பம்பரை ஒட்டி நின்றிருந்தாள். வெளியே நின்று கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, முன்னால் வந்து நின்றிருக்கிறாள். தட்சிணா கத்திக்கொண்டே ஓடிவருவது அப்புறம்தான் காதில் விழுந்தது. அவள் புடவையில் முழங்காலுக்கு நேராக பம்பர் தூசி ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

"எதுர்லதான்யா நின்னேன்" என்றாள். "உன்னயே பாத்துகினு நின்னேன்."

நான் சாவியை எடுத்தேன். இறங்கி வண்டியைச் சுற்றி வந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அந்த மைதானத்தில் உட்கார்ந்து அழுதோம். தட்சிணா என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி நின்றுகொண்டான். அழுது முடித்ததும் சாவியை அவன் கையில் கொடுத்தேன். மாரிமுத்து அண்ணனுக்கு நானே போன் செய்து, வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் தட்சிணாவையே போட்டுவிட்டார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மேடத்திடம் வாரம் ஒரு முறை போகிறேன். முழுதாகச் சரியாகுமா என்றால் அவர் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. வீட்டில் நான்தான் சோறு வடிக்கிறேன். அடுப்பின் இடது பர்னர் எரிவது சில நாள் தெரிவதில்லை, அதனால் அதை ரேவதி குழாயோடு கழற்றிவிட்டாள். பகல் நேரம் நீளமாக இருக்கிறது. சில நாள், அன்று அந்தக் கிளாஸ் விழுந்தபோதே நானும் போயிருக்கலாம் என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

தட்சிணா வந்த முதல் வாரமே வண்டியில் இடப்பக்கக் கண்ணாடி மாட்டிவிட்டான். கஸ்தூரி முன்சீட்டில் உட்காருவதில்லை. இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருகிறாள். தினமும் காலை ஏழு மணிக்கு வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் ஏறியதும் வண்டி எனக்கு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் போகும். கொஞ்ச தூரம் போகும், பிறகு இருக்காது. திரும்பியது தெரியாது, மறைந்தது தெரியாது, ரோடு காலியாக இருக்கும். நான் உள்ளே வந்துவிடுவேன்.

மேடம் இதையே பயிற்சியாகச் செய்யச் சொன்னார். வண்டி காணாமல் போனதும் உள்ளே வரக்கூடாது, தலையைத் திருப்பித் தேட வேண்டும். யாரும் தட்ட மாட்டார்கள். முதலில் வெறும் ரோடுதான் கிடைத்தது, பிறகு ஒரு நாள் பின்சக்கரம் மட்டும் கிடைத்தது. நேற்று காலை, வண்டி இல்லாமல் போன இடத்திலிருந்து விடாமல் திருப்பிக்கொண்டே போனேன். கழுத்து வலித்தது. முனையில் வளையப் போகிற நேரத்தில் வண்டி கிடைத்தது. இரண்டாவது ஜன்னலில் ஒரு கை வெளியே நீண்டு, என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். "இன்னிக்கு இன்னா புதுசா கை காட்டினே?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "மொத நாள்லேர்ந்து காட்டிகினுதான்யா கீறேன்" என்றாள்.